ஐந்து கோல் வாங்கிய பையன்களிடம் என்ன எதிர்பார்ப்பது?

கேள்வி

அன்புள்ள ஆலோசகருக்கு,

இதை ஒரு பிரச்சினை என்று எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வேலை, குடும்பம் எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. ஆனால் எங்கள் கால்பந்து அணி தோற்றதிலிருந்து மனசு சரியில்லை.

பள்ளி நாட்களிலிருந்து நான் ஆதரிக்கும் கிளப் அது. பெரிய வீரர்களை விற்றுவிட்டு, இந்த சீசனில் சொந்த அகாடமியில் வளர்ந்த பையன்களை இறக்கினார்கள். பத்தொன்பது, இருபது வயதுதான். பயமே இல்லாமல் ஆடினார்கள். வரிசையாகச் சில ஆட்டங்களில் ஜெயித்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் வந்தது பரம வைரியுடனான ஆட்டம். லீக்கிலேயே பலமான அணி அது. முதல் பாதி முடியும்போது ஒரு கோல்தான் வாங்கியிருந்தோம். இரண்டாம் பாதியில் கால் மணி நேரத்துக்குள் மூன்று. கடைசியில் 0-5.

படுத்தால் அந்த மூன்றாவது கோல்தான் கண்முன் ஓடுகிறது. லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரப் பையன் பந்தைத் தவறவிட்டுத் தலையில் கைவைத்து நின்றான். எங்கள் ரசிகர் குழுவில் பாதிப் பேர் அவனைக் கண்டபடி திட்டுகிறார்கள். மீதிப் பேர், “சின்னப் பசங்க, விடுங்க. மூணு வருஷம் கழிச்சுப் பாருங்க” என்கிறார்கள். இரண்டுமே எனக்கு ஆறுதலாக இல்லை. மனைவியோ “வெறும் விளையாட்டுதானே” என்கிறாள். மகன் ஜெர்சியை அலமாரிக்குள் போட்டுவிட்டு வேறு கிளப்பின் ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அது இன்னும் குத்துகிறது. நான் அளவுக்கு மீறிப் போகிறேனா?

— ஒரு ரசிகர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வது உண்மைதான். ஆனால் உடம்புக்கு அது தெரியாதே. 1994 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசில் இத்தாலியைப் பெனால்டியில் வென்றது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்களின் எச்சிலை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் பந்தைத் தொடாதவர்களுக்கும் தோல்வி உடம்பில் இறங்குகிறது என்பதை அது காட்டியது.

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழுவினர் செய்து 1976-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அது அவர்கள் ஊர்க் கால்பந்து, ஆனால் ரசிகர் எங்கும் ரசிகர்தான். அணி ஜெயித்த வாரம் திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகச் சட்டை போட்டு வந்தவர்கள் அதிகம், தோற்ற வாரம் குறைவு. வலியிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்க மனசு கண்டுபிடித்த வழி இது. உங்கள் மகனால் அது முடிகிறது. பள்ளி நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட உங்களால் முடியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு இடம். திட்டுகிறவர்கள் பேச்சு பிடிக்கவில்லை, சரி. பரிவாகப் பேசுகிறவர்கள் பேச்சும் ஏன் ஒட்டவில்லை? ‘மூணு வருஷம் கழிச்சுப் பாருங்க’ என்பது கேட்க இதமானது. ஆனால் அது அந்தப் பையன்கள் பேரில் எழுதப்படும் கடன் பத்திரம். இன்று மன்னிக்கிறோம், நாளை கோப்பையோடு வா என்கிறது. உங்களுக்கு அது உள்ளூரப் புரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சில சமயம் கடன் திரும்பி வரும். 2010 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனியின் இளம் அணி ஸ்பெயினிடம் 0-1 என்று தோற்றது. ஓசிலுக்கு அப்போது 21 வயது, கெடிராவுக்கு 23, கோல்கீப்பர் நொயருக்கு 24. மூவரும் 2014-ல் கோப்பை வென்ற அணியில் இருந்தார்கள். எல்லாரும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். 2019-ல் ஆடிய நெதர்லாந்துக் கிளப் அயாக்ஸை யாரும் சொல்வதில்லை. கேப்டன் டி லிக்ட்டுக்கு 19 வயது. ஐரோப்பியக் கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் இங்கிலாந்தின் டோட்டன்ஹாமுக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்தார்கள். கடைசி நொடிகளில் மூன்றாவது கோலை வாங்கி வெளியேறினார்கள். அந்தக் கோடையிலேயே டி லிக்ட் யுவென்டஸுக்கும், அதே அணியின் இளம் வீரர் டி யோங் பார்சிலோனாவுக்கும் போய்விட்டார்கள். காத்திருந்த ரசிகர்களுக்கு அந்த அணி திரும்ப வரவேயில்லை. உங்கள் பையன்களையும் நாளை யாராவது வாங்கிப் போகலாம். ஆகவே அவர்களைப் பார்க்கும் சந்தோஷத்தை இந்த சீசனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எல்லாவற்றையும் வயதின் மேல் போடாதீர்கள். 2014-ல் பிரேசில் சொந்த மண்ணில் ஜெர்மனியிடம் ஆறு நிமிடத்தில் நான்கு கோல் வாங்கியது. அவர்கள் சின்னப் பையன்களா என்ன? பின்தங்கிய அணி கோலைத் திருப்பித் தரத் துடிக்கும்போது எல்லோரும் முன்னால் ஏறுகிறார்கள், பின்னால் இடம் திறக்கிறது, பலமான அணி அதற்காகவே பொறுமையாகக் காத்திருக்கிறது. உங்கள் லெஃப்ட் பேக்கும் அப்படி ஏறிப்போய்த் திரும்பி ஓடிவந்தவனாக இருக்கலாம். அவனுக்கு முன்னால் பந்தைப் பறிகொடுத்தது யார்?

அதனால், அந்த ஒரு கோலின் துண்டு வீடியோவைப் பார்ப்பதை நிறுத்துங்கள். இரண்டாம் பாதி முழுவதையும் ஒருமுறை, பகலில், உட்கார்ந்து பாருங்கள். ராத்திரியில் வேண்டாம். துண்டாகப் பார்க்கும்போது ஒருவன் மட்டுமே குற்றவாளியாகத் தெரிவான். முழுதாகப் பார்த்தால் எதிரணி எவ்வளவு நன்றாக ஆடியது என்பதும் தெரியும். எதிரியைப் பாராட்டுவது கசக்கும்தான். ஆனால் ‘நம்மைவிட நன்றாக ஆடினார்கள்’ என்று ஒத்துக்கொண்ட இரவில் பலருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

குழுவை விட்டு வெளியேற வேண்டியதில்லை, கொஞ்ச நாள் மௌனத்தில் போட்டு வையுங்கள். அந்தப் பையனுடைய சமூக வலைத்தளப் பக்கத்தில் போய் யாராவது வசை எழுதினால் மட்டும் தடுத்துச் சொல்லுங்கள். அதை அவனும் அவன் வீட்டாரும் படிக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராமல், வேலையிலும் மனம் ஓடாமல் போனால் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். அப்போது விஷயம் கால்பந்து மட்டுமாக இருக்காது.