பி.எஃப். பணம்: மனு போட்டதும் புதுசாக ஒரு குறை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்தேன். கம்பெனியை மூடிவிட்டார்கள். பி.எஃப். கேட்டு மூன்று முறை மனு போட்டுவிட்டேன். முதலில் பேங்க் கணக்கில் பெயர் வேறு என்றார்கள். அதைச் சரிசெய்ததும், அப்பா பெயர் இடத்தில் கணவர் பெயர் என்றார்கள். இப்போது, பழைய கம்பெனியை விட்ட தேதியும் இதில் சேர்ந்த தேதியும் இடிக்கிறதாம். யாரிடம் கையெழுத்து வாங்குவது?

பதில்: நான்காவது மனுவை இப்போது போடாதீர்கள். பதிவில் எத்தனை பிழை இருக்கிறது என்பதை முதலில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

ஆதார், பேங்க் பாஸ்புக், யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். கணக்குக்கான நிரந்தர எண்) பக்கம் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் சிக்கலே இனிஷியல்தான். 'செல்வி மு', 'எம்.செல்வி', 'முருகன் செல்வி' மூன்றும் நமக்கு ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். கம்பெனி கிளார்க் எழுதிய பெயருக்காக ஆதாரை மாற்றப் போகாதீர்கள். ஆதாரில் இருப்பதுபோலப் பி.எஃப். பதிவைத் திருத்துங்கள்.

உங்கள் யு.ஏ.என். 1.10.2017-க்குப் பிறகு தரப்பட்டு, ஆதாருடன் சரிபார்க்கப்பட்டிருந்தால் கவலை பாதி தீர்ந்தது. பெயர், அப்பா பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாவற்றையும் கம்பெனி ஒப்புதல் இல்லாமல் ஆன்லைனில் நீங்களே திருத்தலாம். இது 2025 ஜனவரியில் வந்த மாற்றம். அதற்கு முந்தைய யு.ஏ.என். என்றால் கம்பெனி ஒப்புதல் வேண்டும். மூடிய கம்பெனியில் கையெழுத்திட ஆளே இல்லையென்றால், கூட்டு உறுதிமொழிப் படிவத்தை (பதிவில் உள்ள விவரங்களைத் திருத்தக் கேட்கும் 'ஜாயின்ட் டிக்ளரேஷன்') தாளில் நிரப்பி, கெஜட்டட் அதிகாரி அல்லது உங்கள் கணக்கு உள்ள பேங்க் மேனேஜரிடம் சான்றொப்பம் வாங்கி, பி.எஃப். அலுவலகத்தில் நேரில் கொடுங்கள்.

தேதியில்தான் பலரும் மறுபடி மாட்டுகிறார்கள். இரண்டு தேதியில் எது தப்பு என்பதை பி.எஃப். பாஸ்புக்கை வைத்து முடிவுசெய்யுங்கள். பழைய கம்பெனி மே வரை பணம் கட்டியிருக்க, இடிக்காமல் இருக்கட்டும் என்று விலகிய தேதியை ஏப்ரலுக்குத் தள்ளினால், அந்த ஒரு மாதப் பணமே அடுத்த குறையாக வந்து நிற்கும். சம்பளச் சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவும் சரியான பிறகு மனு போடுங்கள். மறுபடி திருப்பினால், பி.எஃப். குறைதீர்ப்புத் தளத்தில் பழைய மனு எண்களையும், ஒவ்வொன்றுக்கும் சொன்ன காரணத்தையும் தேதி வாரியாக எழுதுங்கள். மனுவில் உள்ள எல்லாக் குறைகளையும் முதல் தடவையே சொல்லிவிட வேண்டும், தவணை தவணையாகத் திருப்பக் கூடாது என்பது அவர்கள் தலைமையகமே போட்ட உத்தரவு. 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் 72(7)-ஆவது பத்தியையும் குறிப்பிடுங்கள். குறையில்லாத மனுவை 20 நாளில் முடிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தாமதித்தால் ஆண்டுக்கு 12% வட்டியை பி.எஃப். ஆணையரின் சம்பளத்தில் பிடிக்கலாம் என்கிறது அது. வட்டி கைக்கு வருவது அபூர்வம். ஆனால் அந்தப் பத்தி எண்ணைப் பார்த்தால் ஃபைலைக் கொஞ்சம் கவனமாகத்தான் புரட்டுவார்கள்.

மாவட்டந்தோறும் மாதம் 27-ஆம் தேதி பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. நகல்களோடு நேரில் போங்கள்; கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.