வயிற்று டாக்டர்தான் ஆகணுமா? வீட்டுப் பத்திரத்தோடு வந்த ஒரு அப்பாவுக்கு

மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க, மனைவி, மகளோடு புதுவயலிலிருந்து வந்த அந்த அப்பா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே மஞ்சள் பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தின் நகலை எடுத்து என் மேசைமேல் வைத்தார். ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. அம்மா வீட்டிலேயே தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் போட்டுக் காரைக்குடிக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். இரண்டாவது முறை 720-க்கு 298. உதவி பெறும் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் அவளுக்குக் கிடையாது.

"எங்க ஆத்தாவுக்கு ரொம்ப நாளா வயித்து வலி சார். மதுரையில ட்யூப் விட்டுப் பாத்து, ரெண்டு வாரம் மாத்திரை குடுத்தாங்க. வலி போன இடம் தெரியல. அன்னையிலேருந்து இவ வயித்து வைத்தியத்துக்குத்தான் போவேங்கிறா. சிங்கப்பூர்ல இருக்க மச்சான் பாதிப் பணம் தர்றேங்கிறாரு. மீதிக்கு இதை வச்சிரலாமா?"

"கவலைப்படாதீங்க, வழி இருக்கு" என்றுதான் நானும் தொடங்கினேன். மச்சானின் பாதி எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன். மொத வருஷத்துக்கு என்றார். அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பத்திரத்தைப் பைக்குள்ள வைங்கண்ணே, பேசுவோம்" என்றேன்.

தனியார் கல்லூரி இடத்துக்குத் தன் கையிலிருந்து ₹30 லட்சம் ஆகும் என்று அவரே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். கணக்குப்பிள்ளைக்கு நான் வட்டி சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சேர்ந்து போட்டுப் பார்த்தோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே மாதம் ₹30,000. படிப்பு ஐந்தரை வருஷம், அதாவது 66 மாதம். வட்டி மட்டுமே 19 லட்சத்து 80 ஆயிரம். அசல் அசையாமல் அப்படியே நிற்கும். மில் சம்பளமும் பலகார வருமானமும் சேர்ந்தாலும் அந்த மாத வட்டியைத் தொடாது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

இத்தனை செலவுக்கும் பிறகு வெளியே வருகிறவள் வயிற்று டாக்டர் அல்ல, எம்.பி.பி.எஸ். டாக்டர். நான்கரை வருஷப் படிப்பும் ஒரு வருஷப் பயிற்சியும் முடிந்தபின், இன்னொரு நீட் எழுதிப் பொது மருத்துவத்தில் மூன்று வருஷம் எம்.டி. அதற்குப் பிறகு மூன்றாவது நுழைவுத் தேர்வு. அதில் தேறினால்தான் இரைப்பை குடல் மருத்துவத்தில் டி.எம். என்ற உயர் சிறப்புப் பட்டம், மூன்று வருஷம். ஓரிடத்திலும் தடுக்காமல் போனால் பதினொன்றரை வருஷம். இப்போது 19 வயதுப் பெண் 30 தாண்டித்தான் அந்தப் பலகையை மாட்ட முடியும். ஆர்வமும் மதிப்பெண்ணும் சேர்ந்து வருகிற பிள்ளையை இந்தப் பாதையில் போகச் சொல்லி நானே தள்ளிவிட்டிருக்கிறேன். இரண்டு முறை 300-ஐ எட்டாத பிள்ளையை வீட்டை அடகு வைத்து அனுப்பச் சொல்ல மாட்டேன்.

மச்சானின் இன்னொரு யோசனை வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். 2021-ல் வந்த விதிகளின்படி அங்கே குறைந்தது 54 மாதம் படித்து, 12 மாதம் அங்கேயே பயிற்சி முடிக்க வேண்டும். திரும்பி வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு. பிறகு இங்கே மறுபடியும் ஒரு வருஷப் பயிற்சி. ஏஜென்ட் கொடுத்த வழுவழுத் தாளில் ஹாஸ்டல் சாப்பாட்டில் இட்லி உண்டு என்று இருந்தது. இவை எதுவும் அதில் இல்லை.

"பொண்ணு டாக்டர்னு சொன்னா மாப்பிள்ளை வீட்ல கேக்குற கேள்வியே வேற சார்" என்று அத்தை சொன்னாராம். அந்த அத்தை 30,000 வட்டியில் ஒரு மாதத்தையாவது கட்டுவாரா என்று கேட்டேன். கடுமையாகத்தான் கேட்டேன். சொந்தக்காரர் வாய்க்காக ஒரு குடும்பம் கூரையை இழப்பதை இந்தச் செட்டிநாட்டு வட்டாரத்தில் ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் மூன்றாம் வருஷத்தில் படிப்பை நிறுத்தி வந்து என் முன்னால் உட்கார்ந்த முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

அப்பா போன் வந்து வெளியே போன நேரத்தில் மகளிடம் கேட்டேன்: "அப்பத்தாவோட மதுரைக்குப் போன அன்னைக்கு என்னம்மா பாத்த?"

அவள் டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பத்தா பயந்ததால் கையைப் பிடித்துக்கொள்ள உள்ளே விட்டிருக்கிறார்கள். டாக்டர் திரையைப் பார்த்தபடி "ஓப்பன்" என்றதும், பக்கத்தில் நின்ற ஒரு அக்கா கையிலிருந்த கைப்பிடியைத் தள்ளினாராம். "க்ளோஸ்" என்றதும் இழுத்தாராம். உள்ளிருந்து வந்தது அரிசி நொய் அளவு சதைத் துணுக்கு. அதை ஊசியால் எடுத்து ஒரு சின்னத் தகட்டின் மஞ்சள் கூழில் வைத்து, நேரத்தைக் குறித்தார். "கொஞ்ச நேரத்துல ரோஸ் கலர் ஆயிருச்சு சார். அந்த அக்கா 'கிருமி இருக்கு, பாரு'ன்னு எங்கிட்டக் காட்டுனாங்க."

நான் வயிற்று டாக்டர் ஆவதைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். இவள் பேசியது வேறு வேலை.

அவள் பார்த்த நிறமாற்றம் சாதாரண விஷயம் இல்லை. அப்பத்தாவின் வலிக்கு வரமிளகாய்தான் காரணம் என்று அந்த வீடு வருஷக்கணக்கில் நம்பியிருந்தது; நம் பக்கத்தில் வயிற்றுப்புண் என்றாலே காரத்தின்மேல்தான் பழி. உலகம் முழுக்க மருத்துவர்களும் மன அழுத்தம், அமிலம், சாப்பாடு என்றுதான் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் 1979-ல் இரைப்பைச் சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்க்கும்போது வளைந்த கிருமிகளைக் கண்டார். பேரி மார்ஷலோடு சேர்ந்து 1982-ல் அதை வளர்த்தும் காட்டினார். யாரும் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியையே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் இருவருக்கும் நோபல். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குவதால்தான் மஞ்சள் கூழ் ரோஜா நிறமாகிறது. வாரன் மருத்துவர்தான், ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவர் அல்ல, கண்ணாடித் தகட்டைப் பார்த்தவர். அப்பத்தாவுக்கு இரண்டு வாரம் கொடுத்த மாத்திரைகளுக்குப் பின்னால் அவருடைய கண் இருக்கிறது. "டாக்டர் பக்கத்துல நிக்குற வேலைதானே" என்று இழுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன் எல்லாம் உங்கள் தெருவிலேயே படித்தவர்கள் இருப்பார்கள், விசாரித்துக்கொள்ளலாம். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்: எண்டோஸ்கோப்பி டெக்னாலஜிஸ்ட்.

எண்டோஸ்கோப் என்பது விரல் தடிமன் குழாய். வயிற்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர், பெருங்குடலுக்கு அதைவிட நீளம். அதற்குள் கேமரா, விளக்கு, காற்று, தண்ணீர், நடுவில் சில மில்லிமீட்டர் மட்டுமே அகலமுள்ள ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் இடுக்கி, கண்ணி என்கிற கம்பி வளையம், ஊசி எல்லாம் போகும். குழாயை ஓட்டுவது டாக்டர். உள்ளே போகும் கருவியைத் திறந்து மூடுவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவரின் கை. பெருங்குடலில் முளைத்த சதைக்கட்டியைக் கண்ணி போட்டு எடுக்கும்போது, கைப்பிடியை அவசரமாக இறுக்கினால் கம்பியில் மின்சாரச் சூடு பாயும் முன்பே சதை அறுந்து ரத்தம் கொட்டும். இழுத்தடித்தால் குடல் சுவர் வெந்துபோகும். கம்பியின் இறுக்கத்தை விரலில் உணர்கிற ஆள் வேண்டும். பித்தக்குழாய்க் கல்லை எடுக்கும்போது மெல்லிய கம்பி ஒன்றை இடத்தைவிட்டு நகராமல் பிடித்திருப்பதும் அவர் வேலை. கம்பி வழுக்கினால் அரை மணி நேர உழைப்பு போச்சு. குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சுவரை அரிக்கத் தொடங்கிவிடும். டாக்டர் கையுறை மாட்டுவதற்குள் சரியான வலையும் இடுக்கியும் மேசையில் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, நோயாளி போனபின் நடக்கும் வேலை. குழாயை வெளியே எடுத்த நிமிடமே துடைத்து, சோப்புக் கரைசலை உறிஞ்சவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அடுத்து காற்றேற்றித் தண்ணீரில் முக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பொத்தல் இருந்து கவனிக்காமல் விட்டால் பல லட்ச ரூபாய்க் கருவி உள்ளே நனைந்து பாழ். பிறகு நீளமான பிரஷ்ஷைத் துளைக்குள் விட்டு, அது சுத்தமாக வெளியே வரும்வரை திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டும். அதன்பின்தான் கிருமிநாசினி, 2 சதவீத குளூட்டரால்டிஹைடு என்றால் வழக்கமாக 20 நிமிடம். அலசி, ஆல்கஹால் ஓடவிட்டு, காற்றில் உலர்த்தி, நேராகத் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்ளே கிருமி வளர்ந்து அடுத்தவர் வயிற்றுக்குப் போகும். அமெரிக்காவிலேயே 2010-களில் பித்தக்குழாய்ச் சிகிச்சைக் குழாய்களின் நுனி சரியாகச் சுத்தமாகாததால் மருந்துக்கு அடங்காத கிருமி பரவியது. பட்டம் வாங்கிய எத்தனை பேர் அந்த அறையில் இருந்தாலும், நோயாளியைக் காப்பது சலிக்காமல் தேய்க்கிற ஒரு கை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா முதல்முறையாக வாய் திறந்தார். "எங்க வீட்ல தேன்குழல் அச்சு கழுவுறது இவதான் சார். ஒவ்வொரு ஓட்டையிலயும் ஈர்க்குச்சி விட்டு நோண்டிட்டு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்துத்தான் வைப்பா. நான் போதும்டீன்னாலும் கேக்க மாட்டா."

அந்த அம்மா சொன்னதைவிட நல்ல தகுதிச் சான்று எந்தத் தேர்வும் தராது. மகளின் போக்கு எங்கே இருக்கிறது என்பது பெற்றவளுக்குத் தெரிந்திருந்தது, யாரும் கேட்கவில்லை.

இதற்கு நீட் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், வேதியியல், இயற்பியல் படித்து நல்ல மதிப்பெண் வைத்திருக்கிறாள். பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர், மயக்கவியல் தொழில்நுட்பம் அல்லது பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பில் சேரலாம்; மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி. முதலில் அரசு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சி வருஷத்தில் எண்டோஸ்கோப்பி அறையைக் கேட்டு வாங்கி, முடித்ததும் பெரிய இரைப்பை குடல் துறை உள்ள மருத்துவமனையில் தனிப்பயிற்சி பெற வேண்டும். 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் எண்டோஸ்கோப்பி, லேப்ராஸ்கோப்பி டெக்னாலஜிஸ்ட்டைத் தனித் தொழிலாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டு மாடியில் "ஆறே மாசத்தில் டிப்ளமோ" என்று பலகை தொங்குகிறதே, அங்கே ஒரு ரூபாய் கட்டாதீர்கள். எங்கே சேர்ந்தாலும் பல்கலைக்கழக அங்கீகாரத்தை எழுத்தில் கேளுங்கள். அந்த மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எத்தனை எண்டோஸ்கோப்பி நடக்கிறது, பிள்ளை கையால் செய்வாளா, ஓரமாக நின்று பார்ப்பாளா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் சின்னது. டாக்டர் சம்பளத்தை மனதில் வைத்துச் சேரக் கூடாது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. எக்ஸ்ரே ஓடும் அறையில் ஈயக் கவசத்தின் கனம் தோளில் இருக்கும். கிருமிநாசினி நெடி கண்ணைக் கரிக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் வேலை கொடுத்தால் மறுக்கத் தெரிய வேண்டும். கல்லீரல் கெட்டவர் ரத்த வாந்தி எடுத்து நள்ளிரவில் வந்தால் போன் அடிக்கும். பெண் பிள்ளை இரவில் போவதா என்று அத்தை அடுத்துக் கேட்பார். எம்.பி.பி.எஸ். படித்தாலும் இரவு வேலை உண்டு, அதற்கு மட்டும் அத்தை ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

மூன்றாவது முறை நீட் எழுதட்டுமா என்று அப்பா கடைசியாகக் கேட்டார். மகளையே கேட்கச் சொன்னேன். "வேணாம்ப்பா" என்றாள், நிமிர்ந்து பார்த்து. அதற்குமேல் நான் யோசனை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை இவ்வளவு தெளிவாகச் சொன்னபிறகும் இன்னொரு வருஷம் கோச்சிங்கில் அடைத்து வைப்பது பணத்தையும் அவளையும் சேர்த்து வீணாக்குவது.

திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதால் தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரிச் சான்று. பத்திரம் வேண்டாம் அண்ணே, அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.