வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4: இரண்டு மணி நேரம் போதுமா?

கேள்வி: ஜவுளிக்கடையில் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். காலை 9 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 9 ஆகிறது. அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதியும் கட்-ஆஃப் பக்கம்கூடப் போகவில்லை. தினம் ஆறு மணி நேரம் படிப்பதாக டைம்டேபிள் போடுகிறேன்; நான்காம் நாளே நின்றுபோகிறது. பிறகு ஒரு வாரம் புத்தகத்தைத் தொடவே மனசு வருவதில்லை. எனக்கு மன உறுதி இல்லையா? – வாசகி, விருதுநகர்

பதில்: உறுதி இல்லாதவர் மூன்றாம் முறை எழுத நினைக்க மாட்டார். கோளாறு டைம்டேபிளில்தான். பன்னிரண்டு மணி நேரம் வெளியே இருப்பவர் ஆறு மணி நேரம் படிக்க வேண்டுமென்றால் தூக்கத்தைத்தான் வெட்ட வேண்டும். மூன்று நாள் தூக்கம் கெட்டால் நான்காம் நாள் உடம்பு மறுக்கத்தான் செய்யும். அதை உங்கள் குறையென்று எடுத்துக்கொள்வதால் அடுத்த வாரமும் வீணாகிறது.

உங்களால் தினமும் முடிவது இவ்வளவுதான்: காலை 5 முதல் 6.30 வரை, இரவு 9.45 முதல் 10.15 வரை. புதிய பாடம் காலையில் மட்டும். இரவில் புத்தகத்தை மூடிவைத்து, காலையில் படித்ததை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். வராத இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். அதே பகுதியை ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் இதேபோல் சோதியுங்கள். கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். நான்கு விடைகள் எதிரே நிற்கும்போது குழப்பும்.

200 கேள்விகளில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். தமிழில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே வாரத்தில் மூன்று காலை தமிழுக்கு. 6 முதல் 10-ஆம் வகுப்பு வரையுள்ள பள்ளிப் புத்தகங்களில் தொடங்குங்கள், இலக்கணம் முதலில். விதி பிடிபட்டால் பார்க்காத கேள்விக்கும் விடை வரும். மற்ற மூன்று காலை பொது அறிவுக்கு. டெலிகிராமில் வரும் நடப்பு நிகழ்வு பி.டி.எஃப்.களைச் சேர்த்துக்கொண்டே போவது படிப்பாகாது. மாதம் ஒரு தொகுப்பு போதும்.

திறனறிவுக்குத் தனி நாள் ஒதுக்க வேண்டாம், தினம் காலை ஐந்து கணக்கு. சதவீதமும் விகிதமும் முதலில். அவை கைவந்த பிறகே வட்டி, வேலை-நேரம். வரிசை மாறினால் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டிவரும், எண் மாறியதும் தடுமாறுவீர்கள்.

வார விடுமுறையன்று பழைய வினாத்தாள் ஒன்றை, தேர்வு நடக்கும் அதே 9.30 முதல் 12.30 வரை எழுதுங்கள். தமிழுக்கு 55 நிமிடம், பொது அறிவுக்கு 50, திறனறிவுக்கு 45. மீதி 30 நிமிடம் விட்டதைப் பார்க்க. மதிப்பெண்ணைவிட முக்கியம் அதற்குப் பிறகான ஒரு மணி நேரம். ஒவ்வொரு தவறும் தெரியாததா, மறந்ததா, கவனப் பிசகா என்று ஒரு நோட்டில் பிரித்து எழுதுங்கள். தெரியாதது அடுத்த வாரக் காலைக்குப் போகும், மறந்தது இரவு அரை மணிக்கு. 'பொருந்தாதது எது' என்பதைப் 'பொருந்துவது எது' என்று வாசித்ததுதான் கவனப் பிசகு. அந்தச் சொல்லை வட்டமிடும் பழக்கம் அதைச் சரிசெய்யும்.

ஊக்கமும் இந்த நோட்டிலிருந்துதான் வரும். எத்தனை மணி நேரம் படித்தேன் என்று கணக்குப் பார்த்தால் தினமும் தோற்றது போலவே இருக்கும். போன மாதம் மறந்த பட்டியலிலிருந்து இந்த மாதம் எத்தனை கேள்வி மீண்டது என்று எண்ணுங்கள். பிறர் போடும் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள், அவர் எந்தத் தாளை எப்படி எழுதினார் என்பது உங்களுக்குத் தெரியாது.

ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வரும் வாரங்களில் கடை உங்களை விடாது. அந்த நாட்களுக்கு இப்போதே தனி விதி வையுங்கள்: பத்துத் தமிழ்க் கேள்வி, இருபது நிமிடம், பிறகு தூக்கம். விட்ட பாடத்தை மறுநாளோடு சேர்த்து இரட்டிப்பாக்க வேண்டாம். டைம்டேபிள் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

விடை வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளையும் வீட்டிலேயே பழகுங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று விட்டால், ஒரு கேள்வியைத் தாண்டியதும் அடுத்தவை எல்லாம் வரிசை மாறிப் போகும். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளைக் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பிவிடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. இரண்டு விடைகளைத் தள்ள முடிந்தால் மீதியில் ஒன்றைத் துணிந்து நிரப்புங்கள்.