ஆக்சிமீட்டர் 98 காட்டினால் போதுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது, சுகர் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கு ஐந்து நாளாக மெடிக்கல் ஷாப் மாத்திரைதான். நேற்றிலிருந்து தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல்; வாய் சரியாகத் திறக்கவில்லை. ஆக்சிமீட்டரில் 98. கொரோனா ரிசல்ட் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

பதில்: ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். இது பல்லில் தொடங்கிய சீழ் கழுத்துக்குள் பரவும் நோயாக இருக்கலாம்; அந்த 98 இதற்குச் சாட்சி ஆகாது. கொரோனாவில் நுரையீரல் கெடுவதை ஆக்சிமீட்டர் காட்டும். இங்கே அடைபடுவது தொண்டை. மூச்சுப்பாதை நன்றாகக் குறுகும்வரை எண் இறங்காது. இறங்கிவிட்டால் கையில் இருப்பது சில நிமிடம்தான்.

ஆகவே ஆளைப் பாருங்கள். விழுங்க முடியாமல் எச்சில் வழிகிறதா? வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு பேசுவது போலக் குரல் இருக்கிறதா? நாக்கு மேலே தூக்கி நிற்கிறதா? வாய்க்குள் இரண்டு விரல்கூட நுழையவில்லையா? மல்லாந்தால் மூச்சு முட்டுகிறதா? ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். படுக்க வைக்காமல், முன்பக்கம் சாய்ந்து உட்காரவைத்தே கொண்டுபோக வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு, தண்ணீர் வேண்டாம். வெறும் வயிற்றில் சுகர் மாத்திரையோ இன்சுலினோ வேண்டாம். பற்று, ஒத்தடம் எல்லாம் நேரத்தைத்தான் தின்னும்.

பல் கிளினிக்குக்குப் போகாதீர்கள். காது மூக்கு தொண்டைப் பிரிவும் மயக்க மருத்துவரும் இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்.

கீழ்க் கடைசி இரண்டு பற்களின் வேர் நுனி, தாடை உள்பக்கத் தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும். அதனால் சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்துக்குள் இறங்குகிறது. வீக்கம் மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கும். சுகர் ஏறியிருந்தால் இன்னும் வேகமாகப் பரவும்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலை மூச்சுப்பாதையைக் காப்பது: விழித்திருக்கும்போதே குழாய் செலுத்துவது, முடியாவிட்டால் கழுத்தில் துளையிடுவது. கொரோனா பரவிய காலத்தில், ரிசல்ட் வராதவரை தொற்று உள்ளவராகவே பாவித்து, கவச உடையோடு செய்தார்கள். பிறகுதான் ஸ்கேன், நரம்பு வழி மருந்து, சீழைக் கீறி வடிப்பது.

ஒரு சிக்கல் உண்டு. தொண்டைக்குப் பின்னால் உள்ள இடைவெளி நேராக நெஞ்சுக்குள் இறங்குகிறது. சீழ் அங்கே போனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வரும். அதைக் கொரோனா என்றே எண்ணிவிடலாம். டெஸ்ட் பாசிட்டிவ் என்றாலும் பல்வலியில் தொடங்கியதைச் சொல்லுங்கள். ஸ்கேன் கழுத்திலிருந்து நெஞ்சுவரை எடுக்கிறார்களா என்று கேளுங்கள். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சுகரை ஏற்றிவிடும், காய்ச்சலையும் மறைக்கும்.

பல்லை உடனே பிடுங்காவிட்டால், டிஸ்சார்ஜுக்கு முன்பே அதற்குத் தேதி வாங்கிவிடுங்கள்.