சுற்றறிக்கையில் வந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வருடங்களாக உங்கள் கட்டுரைகளை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. பெயரை வெளியிட வேண்டாம்.

பல நாடுகளில் கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் பணியிடப் பன்முகத்தன்மைக்கென்று ஒரு தனிப்பிரிவைத் தொடங்கினார்கள். வருடத்துக்கு ஒருமுறை கட்டாயப் பயிற்சி, சுவரெல்லாம் போஸ்டர். போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தப் பிரிவு ‘மற்ற பிரிவுகளுடன் இணைக்கப்படுகிறது’ என்றார்கள். ஒரே வாரத்தில் போஸ்டர்களைக் காணோம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும்தான்.

இதற்கிடையில் என் டீமில் இரண்டு விஷயங்கள் நடந்தன. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய ஒருவருக்கு அவர் பார்த்துவந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அப்ரைசலிலும் இறக்கிவிட்டார்கள். ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்த ஊழியர் ஒருவர், ஒரு மேனேஜரின் தரக்குறைவான பேச்சைப் பற்றி ஹெச்.ஆரிடம் புகார் கொடுத்தார். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கேட்டதற்கு, ‘அவர் நம்ம ஊழியரே இல்லையே’ என்றார்கள்.

என் நண்பர் சொல்கிறார்: ‘எல்லாமே ஆரம்பத்திலிருந்து நாடகம். திறமையைப் பார்த்து வேலை கொடுத்தால் போதும். இந்தச் சட்டங்களெல்லாம் சிலருக்கு மட்டும்தான், எங்களுக்கு ஒன்றும் கிடையாது.’ அவர் சொல்வது சரிதானோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் நண்பரிடம் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஒப்பந்த ஊழியர். கடிதத்தில் நான்கு வரியில் அவரைக் கடந்துவிட்டீர்கள். விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

‘நம்ம ஊழியரே இல்லை’ என்ற பதில் உங்கள் ஹெச்.ஆர். யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. இன்றைய பெருநிறுவனங்களின் அமைப்பே அப்படித்தான். 2019 மார்ச்சில் கூகுளுக்கு உலகம் முழுக்க நேரடி ஊழியர்கள் சுமார் 1,02,000 பேர். தற்காலிக, ஒப்பந்த ஊழியர்கள் சுமார் 1,21,000 பேர் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்கள் ‘நம்ம ஊழியர்’ இல்லை. நிறுவனங்கள் வெளியிடும் பன்முகத்தன்மை அறிக்கைகளில் பொதுவாக எண்ணப்படுவது நேரடி ஊழியர்கள் மட்டும்தான். வட்ட வரைபடம் அழகாகத்தான் இருக்கும். அதற்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அது காட்டாது.

சட்டம் இந்த இடத்தில் நிறுவனங்களைவிடக் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-வது உடன்படிக்கை வேலையிடத்து வன்முறை, துன்புறுத்தல் பற்றியது. ஒருவர் எந்த வகை ஒப்பந்தத்தில் இருந்தாலும் அது பொருந்தும் என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பயிற்சியாளர், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், வேலைக்கு விண்ணப்பித்தவர்கூட அதில் அடக்கம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் நாடு அதை ஏற்று உறுதிசெய்திருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

இனி ‘நாடகம்’. ஓரளவுக்கு நாடகம்தான், மறுக்கவில்லை. ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா காலெவ், எரின் கெல்லி என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்காவின் 708 தனியார் நிறுவனங்களின் முப்பதாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனச்சாய்வைப் போக்கும் பயிற்சி வகுப்புகளால் மேலாளர் பதவிகளில் யார் இருக்கிறார்கள் என்பது ஏறக்குறைய மாறவே இல்லை என்பது அவர்கள் கண்டது. மாறிய இடங்களில், ‘இது நடக்காவிட்டால் இன்னார் பதில் சொல்ல வேண்டும்’ என்று பொறுப்பு யாரோ ஒருவர் தலையில் கட்டப்பட்டிருந்தது. ஆனாலும் வருடாவருடம் உங்களையெல்லாம் அறையில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டினார்கள். ஸ்லைடு காட்டுவது சுலபம். யார் பதவி உயர்வை யார் தடுத்தார் என்று கேட்பது கஷ்டம்.

அதைவிடப் பெரிய பிழை, இதற்குச் சொல்லப்பட்ட காரணத்தில் இருந்தது. பன்முகத்தன்மை லாபம் தரும், பலதரப்பட்டவர்கள் சேர்ந்தால் புதிய யோசனைகள் வரும் என்று ஆலோசனை நிறுவனங்கள் வருடக்கணக்கில் சொல்லிவந்தன. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் லாபத்துக்காகக் கொண்டுவந்ததை லாபத்துக்காகவே நிறுத்தலாமே? 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் துறைகளிலிருந்த பன்முகத்தன்மைத் திட்டங்களை ஆணை போட்டு மூடியது. அதே மாதம் மெட்டா தன் திட்டங்களை முடித்துக்கொண்டது. உங்கள் அலுவலகத்துக்கு வந்தது போன்ற மின்னஞ்சல் பல அலுவலகங்களுக்குப் போனது. ஆனால் அதே நாட்டில் 1964-ன் குடிமை உரிமைச் சட்டம் அப்படியே இருக்கிறது. வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் அதன் ஏழாம் பிரிவை ஒழிக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்க வேண்டும். மின்னஞ்சல் போதாது. உங்கள் சுவரிலிருந்து போஸ்டர் போனதைப் பற்றி நான் அவ்வளவாக வருத்தப்படாததற்கு இதுதான் காரணம். போஸ்டரை நம்பி யாரும் வழக்குப் போட முடியாது.

இப்போது உங்கள் நண்பர். ‘திறமையைப் பார்த்து’ என்கிறார். நல்லது. எதை வைத்துப் பார்ப்பது? அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின்நிறுவனத்துக்கு ஒரு அனல்மின் நிலையம் இருந்தது. 95 ஊழியர்கள், அதில் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்களைக் கூலி வேலைப் பிரிவில் மட்டும்தான் எடுத்தார்கள். அந்தப் பிரிவில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவரும் மற்றப் பிரிவுகளில் மிகக் குறைவாக வாங்கியவரைவிடக் குறைவாகவே வாங்கினார். குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் ஒரு புது விதி கொண்டுவந்தது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர வேண்டுமானால் பள்ளியிறுதிச் சான்றிதழோடு இரண்டு பொதுத் திறனறித் தேர்வுகளிலும் தேற வேண்டும். விதியில் நிறம் என்ற சொல்லே இல்லை. எல்லோருக்கும் ஒரே தேர்வு. உங்கள் நண்பர் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

ஆனால் அந்தச் சான்றிதழ் இல்லாமலே முன்பு சேர்ந்த வெள்ளைக்கார ஊழியர்கள் அதே வேலைகளைக் குறையில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். கரி அள்ளவோ கொதிகலனைக் கவனிக்கவோ அந்தத் தேர்வு எதற்கு என்ற கேள்விக்கு நிறுவனத்திடம் பதில் இல்லை. பள்ளிகளிலேயே ஒதுக்கிவைக்கப்பட்ட கறுப்பினத்தவரை வாசலில் நிறுத்தத்தான் அது பயன்பட்டது. 14 பேரில் 13 பேர் வழக்குப் போட்டார்கள். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தேர்வு வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத தேர்வால் ஒரு கூட்டம் முழுக்க வெளியே நிற்குமானால், நிறுவனத்தின் எண்ணம் நல்லதாக இருந்தாலும் அது பாகுபாடுதான் என்றது. என் பார்வையில், திறமை என்ற பெயரில் வேறெதையோ அளந்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்தை நிறுத்தித் திறமையையே அளக்கச் சொன்ன தீர்ப்பு அது.

அது பழைய கதை என்று உங்கள் நண்பர் சொன்னால் 2004-ல் வெளியான ஒரு ஆய்வையும் சொல்லுங்கள். மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனைப் பயோடேட்டாக்களை அனுப்பினார்கள். தகுதிக்கும் பெயருக்கும் தொடர்பு இல்லாதபடி பெயர்களைக் குலுக்கிப் போட்டிருந்தார்கள். வெள்ளையர் பெயர் போல ஒலித்தவற்றுக்கு ஏறக்குறைய பத்துக்கு ஒன்று என்று அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் போல ஒலித்தவற்றுக்குப் பதினைந்துக்கு ஒன்று. அழைக்கப்படாதவரின் திறமையை யார், எப்போது பார்த்தார்கள்?

‘எங்களுக்கு ஒன்றும் கிடையாது’ என்பதும் சரியல்ல. பெரும்பான்மையைச் சேர்ந்தவர் பாகுபாட்டு வழக்குப் போட்டால் கூடுதல் ஆதாரம் காட்ட வேண்டும் என்று சில அமெரிக்க நீதிமன்றங்கள் கேட்டுவந்தன. அப்படிக் கேட்கக் கூடாது, அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றே என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. உங்கள் நண்பருக்கு நிஜமாகவே குறை இருந்தால் வழி இருக்கிறது. இல்லை, புலம்பத்தான் பிடிக்கிறது என்றால் அது வேறு.

பிரசவ விடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். ‘விதி எல்லோருக்கும் பொது, அந்த வருடம் அவருடைய வேலை குறைவு, அதனால் அப்ரைசல் குறைந்தது’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். பொது விதிகள் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இன்னொரு வழக்கு. அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பின்னால் பொருளாதாரம் சரிந்து ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்ற பொது விதிப்படி, 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வெளியே போனார்கள். ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 1976-ல் மிசௌரியிலிருந்த நீதிமன்றம் சொன்னது இதுதான்: நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, அவர்கள் வெள்ளைப் பெண்கள். ஆகவே பெண் என்ற பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் கறுப்பின ஆண்கள் போட்ட வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் கூட்டித் தனி வகை கேட்காதீர்கள். இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்ட அறிஞர் 1989-ல், ஒருவர் மேல் பல பாகுபாடுகள் ஒரே இடத்தில் குறுக்கிடும்போது சட்டத்தின் கண்ணுக்கு அவர் தெரியாமல் போகிறார் என்று எழுதினார்.

எந்தெந்தப் பாகுபாடு கூடாது என்று நிறுவனங்கள் போடும் பட்டியல்களிலும் இதே சிக்கல் உண்டு. எது வசதியோ அது பட்டியலில் இருக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111-வது உடன்படிக்கை 1958-லேயே, வேலையில் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் ஒன்றாகச் ‘சமூகப் பிறப்பு’ என்பதையும் எழுதிவைத்தது. ஆனால் சாதியைப் பெயர் சொல்லித் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமான சியாட்டில் அதைச் செய்தது 2023-ல்தான். அங்கே எத்தனையோ நிறுவனங்கள் அதற்கு முன்பே பன்முகத்தன்மை விழா கொண்டாடி முடித்திருந்தன.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. உங்கள் டீமில் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அவர்களுக்குள் தெரியுமா? லில்லி லெட்பெட்டர் என்ற மேற்பார்வையாளர் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தார். கடைசி ஆண்டுகளில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலையில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. பெயர் போடாமல் யாரோ எழுதிவைத்த ஒரு துண்டுச்சீட்டு மூலம்தான் அவருக்கு இது தெரியவந்தது. 2007-ல் உச்ச நீதிமன்றம், முதலில் சம்பளத்தை நிர்ணயித்த முடிவிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவரைத் திருப்பி அனுப்பியது. தெரியாததைப் பற்றி எப்படிப் புகார் கொடுப்பது? 2009-ல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது: குறைந்த சம்பளம் கையில் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் கெடு புதிதாகத் தொடங்கும். அவருக்கு அதனால் ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. பிரிட்டனில் 2010-ன் சமத்துவச் சட்டப்படி, பாகுபாடு இருக்கிறதா என்று அறியச் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதை எந்த ஒப்பந்த வாசகமும் தடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 உத்தரவு, முந்தைய சம்பளம் என்ன என்று விண்ணப்பதாரரிடம் கேட்பதையே தடைசெய்கிறது. வருடாந்திரப் பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றையும்விட இந்த இரண்டு விதிகள் அதிகம் செய்யும் என்பது என் எண்ணம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றிரண்டு இருக்கிறது. விடுப்பிலிருந்து வந்தவரின் பழைய வேலை எந்தத் தேதியில், யாருக்கு, யார் சொல்லி மாற்றப்பட்டது, எந்த அளவுகோலில் அப்ரைசல் இறங்கியது என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். கேட்க உங்களுக்குப் பதவி இருக்கிறது, அவருக்கு இல்லை.

ஒப்பந்த ஊழியர் விஷயம் நேரடியாகவே பழிவாங்கல் போலத் தெரிகிறது. இது அரிதானதல்ல. அமெரிக்காவின் சமவாய்ப்பு ஆணையத்துக்குச் சமீப ஆண்டுகளில் வந்த புகார்களில் ஏறக்குறைய பாதியில் பழிவாங்கல் குற்றச்சாட்டு இருக்கிறது. மற்ற எந்தக் குற்றச்சாட்டும் அந்த அளவு வருவதில்லை. புகார் கொடுத்த தேதி, ஒப்பந்தம் முடிந்த தேதி, ‘நம்ம ஊழியரே இல்லை’ என்று உங்களிடம் சொன்ன தேதி மூன்றையும் இன்றே குறித்துவையுங்கள். நிறுவனத்தின் உள்விசாரணையில் கேட்டதற்குப் பதில் சொன்ன ஊழியருக்கும் பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுச் சட்டத்திலும் அப்படி உண்டா என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கெடு எத்தனை நாள் என்றும் கேளுங்கள். அது வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அவரைத் தொடர்புகொண்டு, சாட்சியாக உங்கள் பெயரைக் கொடுக்கலாம் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வேலை போனவர் வேலையில் இருப்பவரிடம் அதைக் கேட்கத் தயங்குவார்.

அன்புடன்.