ஜாடிக்கு நிறம் ஏற்றுகிறீர்களா? முதலில் காயவிடுங்கள்

காலி ஜாடிகளுக்கு வீட்டிலேயே நிறம் ஏற்றுவது பற்றிப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: வெள்ளைப் பசையில் நீல ஃபுட் கலர் கலந்து ஜாடிக்குள் ஊற்றிச் சுழற்றினேன். வண்ணக் கண்ணாடி போல வரும் என்றார்கள். எனக்கோ பால் பாட்டிலைக் கழுவாமல் விட்டது போல இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

தப்பு எதுவும் இல்லை, இன்னும் காயவில்லை, அவ்வளவுதான். வெள்ளைப் பசை என்பது பி.வி.ஏ. என்ற பிளாஸ்டிக்கின் நுண்துளிகள் தண்ணீரில் மிதக்கும் கலவை. அந்தத் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் பசை வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் வற்றியதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய படலமாகிவிடும். வெண்மை போய் நிறம் மட்டும் நிற்கும். கடைசியாகத் தெளிவது அடிப்பக்கத்து வளைவு. அங்கே வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் பொறுத்திருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈரத்தில் வெளிறித் தெரிவது காய்ந்ததும் அடர்ந்துவிடும். "இன்னும் ரெண்டு சொட்டு விடலாமே" என்று கை துறுதுறுக்கும். விடாதீர்கள்!

கேள்வி: ஜாடி முழுக்கக் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. கீழே பசை குளம் கட்டி நிற்கிறது.

தண்ணீர் கூடிப்போயிருக்கும், இல்லையென்றால் வடியவிடாமல் நிமிர்த்தி வைத்திருப்பீர்கள். அரை லிட்டர் ஜாடிக்கு நான் கலக்கும் அளவு: பசை இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் அரைத் தேக்கரண்டி, நிறம் நான்கைந்து சொட்டு. நிறத்தை முதலில் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பிறகு பசையில் சேர்த்து மெதுவாகக் கிளறுங்கள். குலுக்கினால் நுரைக்கும், குமிழிகள் அப்படியே காய்ந்து அம்மைத் தழும்பு போலாகிவிடும்.

ஊற்றியபின் ஜாடியைச் சாய்த்துப் பொறுமையாக உருட்டுங்கள். எங்கும் பரவியதும் கவிழ்த்து வையுங்கள். ஆனால் தட்டின் மேல் நேராகக் கவிழ்க்காதீர்கள், வடிந்த பசையில் வாய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு பென்சில்களை இணையாக வைத்து அவற்றின் மேல் கவிழ்த்தால் பசை தாராளமாக வடியும், காற்றும் உள்ளே போகும். ஒரு மணி நேரம் கழித்து விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிமிர்த்துங்கள்.

சில இடங்களில் பசை பிடிக்காமல் வழுக்கி விலகினால் அது எண்ணெய்ப் பிசுக்கு, பெரும்பாலும் விரல் பட்ட இடம். சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, ரப்பிங் ஆல்கஹாலால் (மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்) ஒருமுறை துடைத்த பிறகு உள்ளே கை விடக்கூடாது.

கேள்வி: ஓவனில் வைக்கச் சொல்கிறார்களே, கட்டாயமா?

கட்டாயமில்லை. இந்த வகைப் பசைக்கு ஓவன் என்பது சீக்கிரம் காய்வதற்கான வழி மட்டுமே. நிழலில் வைத்து ஓரிரு நாள் காத்திருந்தாலும் தெளிந்துவிடும். அவசரம் என்றால் 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் போதும். மூடியைக் கழற்றிவிடுங்கள். ஓவன் குளிர்ந்திருக்கும்போதே ஜாடியை உள்ளே வையுங்கள், அணைத்தபின் உள்ளேயே ஆறவிடுங்கள். சாதாரண ஜாடிக் கண்ணாடி திடீர்ச் சூட்டையும் திடீர்க் குளிரையும் தாங்காது. ஒருமுறை அவசரப்பட்டுச் சூடான ஜாடியை ஈரமான கல்மேடையில் வைத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். அடி தனியாகக் கழன்று மேடையிலேயே நின்றுவிட்டது.

சுட்டு நிலைப்படுத்தும் கண்ணாடிப் பெயின்ட் வேறு ரகம். அதற்குச் சூடு அவசியம். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதை அதன் புட்டியில் உள்ளபடியே பின்பற்றுங்கள்.

கேள்வி: நிறம் ஏற்றிய ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கலாமா? மிட்டாய் போட்டு வைக்கலாமா?

பசை முறையில் செய்ததென்றால் இரண்டும் வேண்டாம். ஃபுட் கலர் தண்ணீரில் கரையும், பசைப் படலம் ஊறி வெளுத்துத் தோல் தோலாக உரியும். ஃபுட் கலரைச் சாப்பிடலாம், பசையைச் சாப்பிட முடியாதே! பூ வைத்தே ஆகவேண்டுமென்றால் தண்ணீரை ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி ஜாடிக்குள் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் எண்ணெய் சார்ந்த கண்ணாடிப் பெயின்டை வெளிப்பக்கம் பூசுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துப் பூசுங்கள், அதன் நெடி தலைவலி தரும்.

கேள்வி: உள்ளே மெழுகுவர்த்தி?

வேண்டாம். சூட்டில் படலம் இளகும். சின்ன எல்.இ.டி. விளக்குப் போதும், நிறமும் அதில் நன்றாகவே தெரிகிறது.

கேள்வி: ஜன்னலோரம் வைத்த சிவப்பு ஜாடி சில மாதங்களில் வெளுத்துவிட்டது. பழைய வண்ணக் கண்ணாடிகள் மட்டும் எப்படி அப்படியே இருக்கின்றன?

அவற்றில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி உருகும்போதே கோபால்ட் சேர்த்தால் நீலம், இரும்பு கலந்தால் பச்சை. நாம் பூசுவது மேலே ஒட்டிய தோல், ஃபுட் கலரோ வெயிலில் நிற்காத சாயம். வேடிக்கை என்னவென்றால், நிறம் தெரியாமலிருக்க மாங்கனீசு சேர்த்துச் செய்த பழைய கண்ணாடி பல ஆண்டுகள் வெயில் பட்டால் தானாகவே ஊதாவாக மாறும். உங்கள் சிவப்பு ஜாடிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெந்நீரில் ஊறவைத்தால் படலம் உரிந்து வந்துவிடும். மறுபடி பூசி, இம்முறை வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.