வாசகர் கேள்வி: அம்பாசடர் ஏன் இன்னும் பிடிக்கிறது?

கேள்வி: அப்பாவின் பழைய அம்பாசடரை விற்க மனம் வரவில்லை. ஒரு கார் எதனால் கிளாசிக் ஆகிறது, பழசானாலே போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வயது மட்டும் போதாது, அரிதாக இருந்தாலும் போதாது. 1985-ல் சென்னையிலிருந்து வந்த ஸ்டாண்டர்ட் 2000, பிரிட்டிஷ் நிறுவனமான ரோவரின் காரின் உடலமைப்பு கொண்ட ஆடம்பர கார், இன்று அபூர்வமும்கூட, ஆனால் அதை நினைத்து உருகுபவர் எத்தனை பேர்? அம்பாசடரோ பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டிச் செய்தது, வேகம் கிடையாது, ஸ்டீயரிங் கனக்கும். இருந்தும் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் அதில்தான் போனோம், கலெக்டரும் அதில்தான் வந்தார். அந்த நீள முன்சீட்டை நினைத்துப் பாருங்கள். கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருந்ததால் நடுவில் தடையில்லை, டிரைவர் பக்கத்தில் அம்மாவும் மடியில் ஒன்று இடுக்கில் ஒன்று என்று பிள்ளைகளும் உட்கார்ந்துவிடலாம்.

அப்புறம், சின்ன ஊர் மெக்கானிக்கும் பானெட்டைத் திறந்து சரி பண்ணிவிடுவார். என்னைக் கேட்டால் பாதிப் பிரியம் அதனால்தான் வந்தது, கைவைத்துப் பழகிய வண்டியை யாரும் சட்டென்று மறப்பதில்லை. 2014-ல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றதும் ஏக்கமும் சேர்ந்துகொண்டது.

விற்காதீர்கள். காரின் அடித்தரையில் துரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பழைய பாகங்களை மாற்றினாலும் தூக்கி எறியாதீர்கள். 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021 முதல் விதி இருக்கிறது.